குத்துச்சண்டையில் 4-1 என்றால் என்ன கணக்கு? தங்கச்சி மகளுக்கு 48 கிலோவா, 51 கிலோவா?

டாக்சி வேலு, வக்வா:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு சந்தேகம். ஒன்று எனக்கு, மற்றது தங்கச்சி மகளுக்காக.

2025 செப்டம்பரில் லிவர்பூலில் நடந்த உலகக் குத்துச்சண்டைப் போட்டியின் இறுதி ஆட்டங்களை அவள் போனில் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கிறாள். ஆண்கள், பெண்கள் எல்லோருக்கும் ஒரே அரங்கு, இரு பாலாருக்கும் பத்துப் பத்து எடைப் பிரிவு. சவாரி இல்லாத நேரத்தில் ஸ்டாண்டில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். இந்தியாவின் மினாக்ஷி ஹூடா 48 கிலோவில் கஜகஸ்தானின் நாசிம் கிசைபாயை 4-1 என்று ஜெயித்தார். ஆட்டோ ஓட்டுகிறவருடைய மகளாம், தொழில்காரன் என்ற முறையில் எனக்கு அதில் தனிச் சந்தோஷம். 57 கிலோவில் ஜாஸ்மின் லம்போரியா போலந்தின் ஷெரெமெட்டாவை வென்றதும் அதே 4-1. நூபுர் ஷியோரன் 80 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் 3-2 என்று தோற்றார்.

எனக்குப் புரியாதது இதுதான். ஒன்பது நிமிஷம் இருவரும் விடாமல் குத்துகிறார்கள். அதில் நாலே நாலு குத்துதான் பட்டதா? நம்ம ப்ரூனோ ஜூலி 2008-இல் பெய்ஜிங் அரையிறுதியில் கியூபாவின் யான்கியல் லியோனிடம் தோற்றபோது 7-5 என்று போட்டார்கள். அந்த வெண்கலம்தான் மொரீஷியஸுக்கு இன்றுவரை கிடைத்திருக்கும் ஒரே ஒலிம்பிக் பதக்கம். அந்த 7-5 இந்தத் தீவில் என் வயசுக்காரர்களுக்கு மறக்காது. அன்றைக்குக் குத்தை எண்ணித்தானே போட்டார்கள்? இப்போது எண்ணுவதை விட்டுவிட்டார்களா?

அடுத்தது. பெண்ணுக்கு 20 வயது, 50 கிலோ இருக்கிறாள். கோச் 51 கிலோ பிரிவில் இறங்கச் சொல்கிறார். இவளுக்கோ மினாக்ஷி பித்து, 48-இல்தான் இறங்குவேன் என்கிறாள். தைப்பூசக் காவடிக்கு எங்கள் வீட்டில் பத்து நாள் விரதம். "அதிலேயே இரண்டு கிலோ போய்விடும் மாமா, அப்படியே போய் எடை பார்த்துவிடலாம்" என்கிறாள். தங்கச்சி ஒரு பக்கம் அழுகிறாள். அம்மா ஒரு பக்கம், தலையில் அடிபட்டுப் புத்தி பேதலித்துப்போனால் என்ன செய்வது என்று என்னைத் திட்டுகிறார். என்னை எதற்குத் திட்டுகிறார் என்று கேட்காதீர்கள், பயிற்சிக்கு இறக்கிவிடுவது என் டாக்சிதான்.

பழைய ஜட்ஜ், ரோஸ் ஹில்:

வேலு தம்பி, 4-1 என்பது குத்துக் கணக்கு இல்லை. ரிங்கைச் சுற்றி ஐந்து ஜட்ஜ் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் யார் கை ஓங்கியிருந்ததோ அவருக்கு 10, மற்றவருக்கு வழக்கமாக 9, ஒரேயடியாக அமுக்கிவிட்டால் 8. மூன்று ரவுண்டு முடிந்ததும் ஒவ்வொரு ஜட்ஜின் கூட்டலையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். நாலு பேர் தாளில் மினாக்ஷி முன்னால் இருந்தார், ஒருவர் தாளில் நாசிம். அதுதான் 4-1. அந்த நாலு தாளிலும் ஒரு புள்ளி வித்தியாசம்தான் இருந்திருந்தாலும் 4-1தான். நூபுர் விஷயத்தில் ஒரே ஒரு ஜட்ஜ் மாற்றிப் போட்டிருந்தால் தங்கம்.

பெய்ஜிங் கதை வேறு. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்து விட்டார், கொரியாவின் பார்க் சி-ஹுன் 32. தீர்ப்பு 3-2 என்று பார்க்குக்கு. ஊரே சிரித்தது. ஜட்ஜை நம்பினால்தானே இந்த வம்பு என்று 1992 பார்சிலோனாவில் மெஷினைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு ஜட்ஜ் கையிலும் சிவப்புக்கு ஒரு பட்டன், நீலத்துக்கு ஒரு பட்டன். ஐந்தில் மூன்று பேர் ஒரு வினாடிக்குள் ஒரே பட்டனை அழுத்தினால்தான் ஒரு புள்ளி ஏறும். ஆகவே 7-5 என்றால் லியோன் ஏழு தடவை குத்தினார் என்று அர்த்தமில்லை. மூன்று விரல்கள் ஒன்றுசேர்ந்தது ஏழு தடவை, அவ்வளவுதான்.

அந்த மெஷின் என்ன செய்தது தெரியுமா? விலாவில் விழும் குத்து எதிர்ப்பக்க ஜட்ஜுக்குத் தெரியாது, அதனால் ஏறாது. நாலு குத்து மடமடவென்று விட்டால் ஒன்றுதான் ஏறும், சில சமயம் அதுவும் இல்லை. ஆளைக் கீழே தள்ளினாலும் ஒரே புள்ளி. பையன்கள் பார்த்தார்கள், தூரத்தில் நின்று முகத்தைத் தொட்டுவிட்டு ஓடக் கற்றுக்கொண்டார்கள். ஜூலி அந்தக் காலத்து ஆட்டக்காரர், அதிலும் அப்போது இரண்டு நிமிஷ ரவுண்டு நாலு. 2009-இல்தான் ஆண்களுக்கு மூன்று நிமிஷம் மூன்று ரவுண்டு என்று மாற்றினார்கள். பெண்களுக்கு அதற்கும் பிறகு. மெஷின் 2012 லண்டனோடு மூட்டை கட்டியது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜூலி வெண்கலத்துக்குத் தனியாக ஆடவில்லை. அரையிறுதியில் தோற்ற இருவருக்குமே வெண்கலம் உண்டு. காலிறுதியில் ஜெயித்த அன்றே நம் பதக்கம் உறுதி.

கியூர்பிப் ராஜன்:

ஐயா, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மெஷின் இருந்தபோது டிவியில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கத்தலாம். இப்போது கடைசியில் யார் கையை நடுவர் தூக்குகிறார் என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜட்ஜுகளின் தீர்ப்பால் வந்த வம்பைப் பார்த்தோமே. அங்கே வேலை பார்த்த நடுவர், ஜட்ஜ் ஒருவரைக்கூட டோக்கியோவுக்கு எடுக்கவில்லை.

பழைய ஜட்ஜ், ரோஸ் ஹில்:

ராஜன், ரியோவில் ஐந்து பேர் மார்க் போட்டார்கள், ஆனால் கம்ப்யூட்டர் பொறுக்கிய மூன்று பேர் மார்க்தான் செல்லும். டோக்கியோவில் ஐந்தும் சேர்ந்தது, ரவுண்டுக்கு ரவுண்டு மார்க்கைத் திரையிலும் காட்டினார்கள். முதல் ரவுண்டு 0-5 என்று தெரிந்தால் மூலையில் இருக்கும் கோச் திட்டத்தை மாற்றலாம். அது போதும் எனக்கு. உள்ளூர்ப் போட்டிகளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எல்லார் வீட்டு அப்பாக்களிடமும் வசவு வாங்கியவன் சொல்கிறேன்.

மீனா, சேன் டெனி, ரீயூனியன்:

வேலு அண்ணா, முதல் கேள்வியை ஐயா முடித்துவிட்டார். இரண்டாவதை நான் எடுத்துக்கொள்கிறேன். நான் நர்ஸ், கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்சம் ரிங் ஏறியவள்.

கோச் சொல்வதைக் கேட்கச் சொல்லுங்கள். 51-தான். புரொபஷனல் சண்டையில் ஒரு தடவை எடை பார்த்தால் முடிந்தது, ராத்திரி சாப்பிட்டுத் தேறிக்கொள்ளலாம். இங்கே அப்படி இல்லை. ஆட்டம் இருக்கும் ஒவ்வொரு நாள் காலையிலும் தராசில் ஏற வேண்டும். லிவர்பூல் போட்டி செப்டம்பர் 4 முதல் 14 வரை நடந்தது. இயல்பாகவே 50 இருக்கிற பெண் அத்தனை நாளும் 48-க்குள் இருக்க வேண்டுமானால் சரியாகச் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல்தான் இருக்க வேண்டும். அந்த உடம்போடு தலையில் அடி வாங்குவதுதான் பாட்டி பயப்படுகிற விஷயம், அவர் பயப்படுவது நியாயம்தான். விரதத்தை முருகனுக்காக இருக்கட்டும். விரதம் முடிந்து வாழையிலையில் ஏழு கறி வைத்ததும் அந்த இரண்டு கிலோ திரும்பி வந்துவிடும், எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

அவளுக்குக் கனவு பெரிசு என்றால் இதையும் சொல்லுங்கள்: மினாக்ஷி தங்கம் வாங்கிய 48 கிலோ ஒலிம்பிக்கில் கிடையாது. பாரிஸில் பெண்களுக்கு ஆகக் குறைந்த பிரிவு 50, 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் 51. மினாக்ஷியே எடை ஏறித்தான் வர வேண்டியிருக்கும். இவள் இப்போதே அங்கே நிற்கிறாள்.

தலை விஷயம். 2016 ரியோவிலிருந்து ஒலிம்பிக்கில் ஆண்கள் ஹெட்கார்டு (தலைக்கவசம்) போடுவதில்லை, பெண்கள் பாரிஸிலும் போட்டார்கள். அது இருந்தால் புருவம் கிழியாது, நெற்றி புடைக்காது. ஆனால் மூளை உள்ளே குலுங்குவதை அது தடுக்காது. அதைப் போட்டுவிட்டால் பயமில்லை என்று பாட்டியிடம் சொல்லாதீர்கள், அது பொய். பலமாக அடி விழுந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி எட்டு வரை எண்ணுவதையும், ஒருவர் தள்ளாடினால் சண்டையையே நிறுத்துவதையும் வீடியோவில் காட்டுங்கள். தலையில் அடிபட்டு ஆட்டம் நின்றால் குறைந்தது ஒரு மாதமாவது ரிங் பக்கம் போகக் கூடாது, பயிற்சிக்காக ஆடும் சண்டையான ஸ்பாரிங்கும் கூடாது. கோச் அதில் கண்டிப்பாக இருக்கிறாரா என்று நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். மழுப்பினால் கிளப்பை மாற்றிவிடுங்கள்.

எங்கள் பக்கம் பிரெஞ்சு ஃபெடரேஷன் முறையில் பிள்ளைகளுக்கு பலமாக அடிக்கக் கூடாது, தொட்டால் போதும் என்று ஒரு பிரிவே உண்டு. என் மகள் அதில்தான் இருக்கிறாள். என் மாமியாருக்கும் அதனால் தூக்கம் வருகிறது.

டாக்சி வேலு, வக்வா:

ஐயாவுக்கும் மீனாவுக்கும் நன்றி. 48 ஒலிம்பிக்கில் இல்லை என்று சொன்னதும் பெண் வாயை மூடிக்கொண்டாள், ஒரு மணி நேரம் கழித்து "சரி மாமா, 51" என்றாள். அம்மாவிடம் எட்டு எண்ணுவதைக் காட்டினேன். "பத்து வரைக்கும் எண்ணினால்தான் என்ன, பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் நிற்குமே" என்கிறார். நான் மேலே விளக்கவில்லை.

கோச்சைச் சனிக்கிழமை பார்க்கிறேன். அப்புறம் பல்லுக்குப் போடும் கார்டு ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கடையில் ஒன்று பார்த்தேன், நம் கொடியில் இருக்கிற மாதிரி நல்ல சிவப்பு. வாங்கலாமா?

மீனா, சேன் டெனி, ரீயூனியன்:

சிவப்பு வேண்டாம் அண்ணா, போட்டியில் விட மாட்டார்கள். வாயில் ரத்தம் வந்தால் நடுவருக்குத் தெரியாது. நிறமே இல்லாததாக வாங்குங்கள். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்துகிற வகை இருக்கும். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தால் மட்டும் முதலில் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.