ஃபெயில்ஓவர்: ‘தோள்மாற்று’ என்று வைப்போமா?

வணக்கம் நண்பர்களே,

முதன்மை இணைப்போ கருவியோ விழுந்தால், வேலை தானாகவே துணைக்கு நிற்பதற்கு மாறுவதுதான் ஃபெயில்ஓவர். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் இங்கே வந்த ‘தோல்விமாற்றம்’ எனக்கு ஒப்பவில்லை. விழுந்ததை மட்டும்தான் அது சொல்கிறது. சுமையை அடுத்து வாங்கிக்கொண்டதைச் சொல்லவில்லை. ‘மாற்றிணைப்பு’ நல்ல சொல்தான், ஆனால் அது பொருளுக்குப் பெயர். துணைக்கு நிற்கும் 4ஜி மோடத்தை அப்படி அழைக்கலாம், மாறுகிற செயலை அல்ல. ‘தாவல்’ என்றால் கட்சித் தாவல்தான் முன்னால் வந்து நிற்கும்.

போன மாதம் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் இந்த வேலையைத்தான் செய்தேன். ஃபைபர் ஒன்று, துணைக்கு 4ஜி சிம் ஒன்று. தெருவில் ஃபைபர் அறுந்தாலும், சுவரில் மாட்டிய பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள கேபிளில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதை நம்பினால் ரவுட்டர் மாறவே மாறாது. அதனால் ஐந்து விநாடிக்கு ஒருமுறை இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரியை பிங் செய்து (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்த்து), மூன்று முறை பதில் வராவிட்டால் 4ஜிக்குப் போகும்படி வைத்தேன். அந்த பிங் ஃபைபர் வழியாக மட்டுமே போகும்படி கட்டிப்போட மறந்துவிட்டேன். மாறியதும் பிங் 4ஜி வழியாகப் போய்ப் பதில் வாங்கி வந்தது; ஃபைபர் சரியாகிவிட்டது என்று ரவுட்டர் திரும்பிப் போனது; மறுபடி விழுந்தது. ஒரு மாலை முழுக்க இந்த அலைச்சல்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சோளிங்கர் நரசிம்மர் மலைக்கோயில் நினைவுக்கு வந்தது. ரோப் கார் வருவதற்கு முன், பெரிய மலையின் 1305 படிகளையும் எங்கள் ஆயா டோலியில்தான் ஏறினார். தூக்குகிறவருக்குக் கால் தளர்ந்தால், கூட வருகிறவர் நடையை நிறுத்தாமலே தண்டுக்கு அடியில் தன் தோளைக் கொடுப்பார். டோலி தரையில் இறங்காது.

அதனால் ‘தோள்மாற்று’. தானியங்கு தோள்மாற்று, தோள்மாற்று நேரம் என்று நீட்டவும் வருகிறது. ஒரு ரவுட்டர் விழுந்தால் இன்னொன்று அதன் இடத்தை எடுத்துக்கொள்ள வைக்கும் விஆர்ஆர்பி என்ற நெறிமுறைக்கு இது அச்சாகப் பொருந்தும்: முதல் ரவுட்டர் விநாடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று அறிவிக்கும், மூன்று அறிவிப்பு தவறினால் அடுத்தது அதே கேட்வே முகவரியை (கணினிகள் வெளியே போகப் பயன்படுத்தும் வாசல் முகவரியை) ஏற்றுக்கொள்ளும். உள்ளே இருக்கும் கணினிகளுக்குத் தெரியவே தெரியாது. இணைய இணைப்பு மாறும்போது, வெளியுலகுக்குத் தெரியும் முகவரியான பொது ஐபியும் மாறுகிறதே, திறந்திருந்த தொடர்புகள் அறுந்துவிடுமே என்று கேட்பீர்கள். உண்மைதான், வங்கித் தளத்தில் மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும். ஆனாலும் அலுவலகம் நிற்பதில்லை. தோள் மாறும்போது டோலியும் ஒரு குலுக்கு குலுங்கத்தான் செய்யும்.

பழைய இணைப்புக்கே திரும்புவதற்கு ‘தோள்மீட்பு’ என்று முதலில் எழுதி வைத்தேன். ‘மீட்பு’ ஏற்கெனவே காப்புநகலிலிருந்து தரவைத் திரும்ப எடுப்பதற்குப் போய்விட்டது. ‘மறுதோள்’ சரிவருமா? உங்கள் ஊரில் பல்லக்கு தூக்குகிறவர்கள் இருந்தால், இளைப்பாறிய முதல் ஆள் வந்து தண்டைத் திரும்ப வாங்குவதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.