விஜயா எண்ணெய் எடுத்துக்கொள்பவர்கள் லேபிள் போட்டோ தந்து உதவுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் மனப்பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் கஞ்சா இலைச் சாறு கலந்த விஜயா எண்ணெய் எடுப்பவர்களிடம் ஓர் உதவி. பாட்டில் லேபிளையும் அதே பேட்ச் நம்பருக்கான லேப் ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். பெயர், முகவரி தெரியாமல் மறைத்துவிடுங்கள்.

கஞ்சாவில் உள்ள சிபிடி (போதை தராத பொருள்) எத்தனை மில்லிகிராம், டிஎச்சி (போதை தரும் பொருள்) எத்தனை என்று லேபிளில் தனித்தனியே இருக்க வேண்டும். "1000 மி.கி. சாறு" என்று மொத்தமாகப் போட்டிருந்தால் ஒன்றும் புரியாது. 30 மில்லி பாட்டிலில் 1000 மி.கி. சிபிடியே இருந்தாலும், மில்லிக்கு 20 சொட்டுக் கணக்கில் ஒரு சொட்டில் 1.7 மி.கி.தான். மேடைப் பதற்றத்துக்கான ஆய்வில் பலன் தெரிந்தது ஒரே வேளையில் எடுத்த 300 மி.கி. சிபிடிக்கு, 150-லும் 600-லும் தெளிவான பலன் இல்லை. ஐந்து சொட்டில் மனம் தெளியும் என்ற விளம்பரத்தை எப்படி நம்புவது? அதற்காக அளவை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். டிஎச்சி ஏறினால் படபடப்பு கூடும்; மனச்சிதைவு நோய் உள்ள குடும்பத்தார் தொடவே கூடாது.

கூடவே என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். மருந்தை உடைக்கும் கல்லீரல் நொதிகளை சிபிடி தடுப்பதால் எஸ்சிட்டலோபிராம் (மனச்சோர்வு, பதற்ற மாத்திரை), குளோபசம் (வலிப்பு மாத்திரை), வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை) ஆகியவற்றின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். வால்புரோயேட் என்ற வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள் கல்லீரல் டெஸ்ட் பார்த்தே ஆக வேண்டும். மனநல மாத்திரையைத் திடீரென நிறுத்திவிட்டு இதற்கு மாறாதீர்கள்.

மதுரைக்குள் மனநல மருத்துவரோடு பேசி மருந்து தரும் சித்த, ஆயுர்வேத மருத்துவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சிங்கப்பூரில் பிள்ளைகள் உள்ள ஆச்சிமார், ஐயாமார் கவனிக்க: அங்கே சிபிடியும் தடை. பெட்டியில் வைத்துவிடாதீர்கள்.