செட்டிநாட்டுக்கு எல்லை வெள்ளாறா, மாவட்டக் கோடா?

கானாடுகாத்தான் பையன்
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஐயா அடிக்கடி சொல்லுவாக, நம்ம செட்டிநாட்டுக்கு கிழக்க கடலு, மேக்க பிரான்மலை, வடக்க வெள்ளாறு, தெக்க வைகைன்னு. சின்ன வயசுல கேட்டுக்கிட்டே தூங்கிருவேன். இப்ப ஒரு பட்டா வேலையா அலையும்போதுதான் அது உறைக்குது, எங்க பங்காளி வீட்டு நெலத்துக்கு திருமயம் தாலுகா ஆபீஸ், எங்களுதுக்கு காரைக்குடி தாலுகா ஆபீஸ், ரெண்டும் வேற வேற மாவட்டம். ராயவரம், அரிமளம், கோனாபட்டு எல்லாம் வெள்ளாத்துக்கு தெக்கதான இருக்கு, அப்புறம் எப்படி புதுக்கோட்டை கூட போச்சு? ஆறு ஒரு பக்கம் கிடக்கு, கோடு வேற பக்கம் போகுது. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திருமயத்துக்காரன்
தம்பி, வெள்ளாறு சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் நடுவுல கிடந்த பழைய எல்லை. கோனாடு, கானாடுன்னு ரெண்டு பழைய நாட்டுப் பிரிவு கேள்விப்பட்டிருப்பீங்க, அந்தப் பிரிவும் இந்த ஆத்தை ஒட்டி வந்ததுதான். ஆனா புதுக்கோட்டை தொண்டைமான் சமஸ்தானம் வந்தப்ப ஆத்துக்கு ரெண்டு கரையும் அவங்க கைக்குள்ள வந்துருச்சு, அதுக்குத் தெக்க சிவகங்கை, ராமநாதபுரம் ஜமீன். 1948 மார்ச் 3ல சமஸ்தானம் இந்தியாவோட சேந்து திருச்சி ஜில்லாவுக்குள்ள போச்சு, 1974ல புதுக்கோட்டை தனி மாவட்டம், 1985ல சிவகங்கை தனியா வந்துச்சு. நீங்க தாலுகா ஆபீஸ்ல பாக்குற கோடு பெரும்பாலும் அந்த சமஸ்தானத்துக் கோடு தம்பி, ஆத்துக் கோடு இல்ல. வருசத்துல முக்கால்வாசி நாளு மணலாக் கிடக்குற ஆறு, நடந்தே தாண்டிறலாம், அது எந்த ராஜாவைத் தடுக்கும்?

கொள்ளிடக்கரை
நான் அரியலூர் பக்கம், வேலைக்காக காரைக்குடியில இருக்கேன். எங்க ஊர்ல கதையே வேற. கொள்ளிடந்தான் இன்னைக்கும் அரியலூருக்கும் தஞ்சாவூருக்கும் எல்லை, ஏன்னா தாண்டுறது லேசு இல்ல. மதனத்தூர் – நீலத்தநல்லூர் பாலம் வர்றதுக்கு முன்னாடி ஆத்துல தண்ணி வந்துட்டா எதுக்க தெரியுற ஊருக்குப் போக அணைக்கரை பாலம் வழியா சுத்தணும், பொண்ணு குடுக்குறதுக்கே யோசிப்பாங்க. திருச்சியில 1928ல கட்டுன கொள்ளிடம் பழைய பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல இடிஞ்சு விழுந்ததை டிவியில பாத்திருப்பீங்க, நல்லவேளை அதுக்கு முன்னாடியே புதுப்பாலம் வந்துருச்சு. இன்னொண்ணு, ஆறு எல்லையா இருந்தா நடு ஆத்துக்கு யாரு பொறுப்புங்கறதுதான் பெரிய தலவலி. ஒரு தடவை ராத்திரி மணல் அள்ளுறாங்கன்னு நாங்க நாலு பேரு போயி சொன்னோம், இந்தக் கரை ஆபீஸ்ல அது அந்தக் கரை லிமிட்டுன்னாங்க, அங்க கேட்டா இங்கன்னாங்க, விடியறதுக்குள்ள லாரி போயிருச்சு. இன்னும் வயிறு எரியுது.

அரிமளம் ஆச்சி
காவிரி–வைகை–குண்டாறு கால்வாயை யாரும் சொல்லலையே? 2021 பிப்ரவரியில புதுக்கோட்டை மாவட்டம் குன்னத்தூர்ல அடிக்கல் நாட்டுனாக, மொத்தம் 262 கிலோமீட்டர், திட்ட மதிப்பு 14,400 கோடி. முதல் கட்டம் காவிரியில இருக்குற கட்டளை கதவணையில இருந்து தெற்கு வெள்ளாறு, அதாவது நம்ம வெள்ளாறு வரைக்கும் 118 கிலோமீட்டர், ரெண்டாவது வெள்ளாத்துல இருந்து வைகைக்கு 110, மூணாவது வைகையில இருந்து குண்டாத்துக்கு 34. அந்த ரெண்டாவது கட்டத்தைப் பாருங்க அப்பு, உங்க ஐயா சொன்ன வடக்கெல்லையில ஆரம்பிச்சு தெக்கெல்லையில முடியுது. நம்ம கண்மாய், ஊருணி எல்லாம் மழையை நம்பியே கிடக்குற ஊரு, அந்தத் தண்ணி வந்து நான் கண்ணால பாக்கணும்.

கானாடுகாத்தான் பையன்
ரொம்ப நன்றிங்க அண்ணே, ஆச்சி. நீங்க சொன்னதை எங்க ஆயாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். அவுக கல்யாணமாகி வந்த புதுசுல புதுக்கோட்டைக்கு மாட்டு வண்டியிலதான் போவாகளாம், வெள்ளாத்து மணல்ல சக்கரம் புதைஞ்சுரும், எல்லாரும் எறங்கித் தள்ளணும், மாட்டை அவுத்து விட்டுட்டு மணலைக் கையால பறிச்சா முழங்கை ஆழத்துல ஊத்து வருமாம், முதல்ல கலங்கலா இருக்கும், ரெண்டு தடவை எறச்சு விட்டுட்டு மூணாவது ஊறுறதைத்தான் குடிப்போம்னாக. இப்பவும் ஊறுமாடான்னு கேட்டாக. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்கேன்.