சோதனையில் 99 சதவீதம், தோட்டத்தில் தவறு: தக்காளி இலை நோய் மாடலுக்கு உதவி தேவை

ஆய்வு மாணவி: வணக்கம். இலைப் படத்திலிருந்து தக்காளி நோயைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவு மாடலைப் பயிற்றுவித்தேன். சோதனையில் 99 சதவீதம் வருகிறது. ஆனால் ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்டத்தில் கைப்பேசியில் எடுத்த படங்களைக் கொடுத்தால், நல்ல இலையையும் இலைக்கருகல் என்கிறது. வெள்ளிக்கிழமை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும். உதவுங்கள்.

பட ஆர்வலர்: எந்தப் படத்தொகுப்பு, எந்த மாடல், சோதனைப் படங்களை எப்படிப் பிரித்தீர்கள்?

நிரலாளர்: படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி என்ற நிரல் தொகுப்பு படத்தை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் படிக்கும். பயிற்சிக்கு, சிவப்பை முதலில் வைக்கும் பில்லோ என்ற இன்னொரு தொகுப்பும் தோட்டப் படங்களுக்கு ஓப்பன்சிவியும் பயன்படுத்தியிருந்தால் நிறம் இடம் மாறியிருக்கும். இதனால் எனக்கு ஒரு வாரமே வீணானது.

ஆய்வு மாணவி: படத்தொகுப்பு பிளான்ட்வில்லேஜ், மாடல் ரெஸ்நெட்-50 என்ற நரம்பு வலையமைப்பு. படங்களைக் கலைத்து, பயிற்சிக்கு 80, சோதனைக்கு 20 சதவீதம் எனப் பிரித்தேன். இரண்டிலும் பில்லோதான்.

மூத்த உறுப்பினர்: பிளான்ட்வில்லேஜ் படங்களில் நோய் கண்டறிவது பற்றிய 2016ஆம் ஆண்டின் கட்டுரையை முழுவதும் படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அத்தொகுப்பின் 54,306 படங்களைக் கொண்டு 99.35 சதவீதம் எட்டிய மாடல், வேறு சூழலில் எடுத்த படங்களில் 31 சதவீத அளவுக்குச் சரிந்ததை அதன் ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். மேலும், ஒரே இலையைப் பல கோணங்களில் எடுத்த படங்கள் அதில் உண்டு. நீங்கள் கலைத்த விதத்தில் அதே இலை பயிற்சியிலும் சோதனையிலும் வந்து, மதிப்பெண்ணை ஏற்றியிருக்கும்.

வேளாண் பட்டதாரி: கடிந்துகொள்ள வேண்டாம், பலரும் தடுக்கி விழும் இடம் இது. பறித்த இலையைத் தாள்மேல் வைத்து எடுத்த படங்கள் அவை. தோட்டப் படத்திலோ மண்ணும் சொட்டுநீர்க் குழாயும் இலையைப் பிடித்த விரலும் இருக்கும். பின்னணியின் எட்டே பிக்சல்களைக் கொண்டு, அத்தொகுப்பின் 38 பயிர்-நோய் வகைகளில் 49 சதவீதம் சரியாகச் சொல்ல முடிந்ததை 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. மாடல் கவனிக்கும் பகுதியைப் படத்தின்மேல் சிவப்பாகக் காட்டும் கிராட்-கேம் என்ற முறையைப் போட்டு, அது எங்கே பார்க்கிறது என்று பாருங்கள்.

நிரலாளர்: அப்படியானால் பின்னணியை வெட்டிக் கருப்பாக்கிவிட்டால் போதுமே.

வேளாண் பட்டதாரி: செடியில் இலைமேல் இலை படிந்திருக்கும்போது எதை வெட்டுவீர்கள்? காந்திநகர் ஐஐடியினர் தொகுத்த பிளான்ட்டாக் என்ற படத்தொகுப்பில் இயல்பான சூழலில் எடுத்த 2,598 படங்கள் உள்ளன. அவற்றையும் சேர்த்துப் பயிற்றுவிக்கலாம்.

மூத்த உறுப்பினர்: அவை இணையத்தில் திரட்டியவை, நோய்ப் பெயர்கள் சில தவறானவை.

வேளாண் பட்டதாரி: அதனால்தான் நோய் தெரிந்தவர் ஒருவர் ஆய்வகத்தில் உடன் அமர்ந்து பெயரிட வேண்டும் என்கிறேன்.

ஆய்வு மாணவி: கிராட்-கேம் பார்த்தேன். சிவப்புத் திட்டு இலைமேல் விழவில்லை, மூலையில் தெரியும் தாளின்மேல் விழுகிறது. நாளை காலை மீண்டும் தோட்டத்துக்குப் படமெடுக்கச் செல்கிறோம். நன்றி.