கொத்தளத்தின் வளைவில் கல் டெக்ஸ்சர் ஒட்டவில்லை, உதவுங்கள்

ராயக்கோட்டைப் பையன்: வணக்கம். எங்கள் ஊர் மலைக்கோட்டைக்கு ஏறி வந்ததிலிருந்து ஒரு கோட்டை லெவல் செய்யும் ஆசை, குவேக் 3 விளையாட்டுக்காக நெட்ரேடியன்ட் என்ற லெவல் எடிட்டரில் இரண்டு மாதமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நேர் மதில் எல்லாம் நன்றாக வந்துவிட்டது. நடுவே நானாகச் சேர்த்த அரைவட்டக் கொத்தளம்தான் படுத்துகிறது. பேட்ச்சில் (எடிட்டரின் வளைபரப்பு) செய்தது, ஆரம் 160 யூனிட், உயரம் 256. படத்தைப் பரப்பு முழுக்கப் பொருத்தும் ஃபிட் கொடுத்தால் கற்கள் பூதம் மாதிரி இழுபடுகின்றன, ஸ்கேல்படி தானே பரப்பும் நேச்சுரல் கொடுத்தால் ஒல்லியாகிவிடுகின்றன. டெக்ஸ்சர், அதாவது மேலே ஒட்டும் கல் படம், 256க்கு 256 பிக்சல், ஸ்கேல் 0.5. அதற்காக வீட்டுக் கருங்கல் சுவரைப் போனில் படம் எடுத்தேன்.

காரிமங்கலம்: தம்பி, நேச்சுரல் வளைவின் மேல் அளப்பதில்லை, வளைவை இழுத்து வடிவமைக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளுக்கு நடுவே நேர்க்கோட்டில் அளக்கிறது. அந்தப் புள்ளிகளில் சில வளைவுக்கு வெளியே, மூலையில் நிற்கும். அதனால் உன் கொத்தளத்துக்கு அதன் கணக்கில் 160 நான்கு முறை, மொத்தம் 640. வளைவின் மேல் நூல் பிடித்தால் 520தான். 0.5 ஸ்கேலில் உன் படம் 128 யூனிட், ஆக நான்கு படத்துக்கான இடத்தில் ஐந்தைத் திணிக்கிறது, கல் ஒல்லியாகாமல் என்ன செய்யும்? ஃபிட் 1க்கு 1 என்று இருக்கும், அதை அகலம் 4, உயரம் 2 என்று மாற்றிக் கொடு.

ராயக்கோட்டைப் பையன்: அண்ணா, பையை (π) 160ஆல் பெருக்கினால் 503 அல்லவா வருகிறது?

காரிமங்கலம்: சரியான வட்டமாக இருந்தால் 503. இது இருபடி பெசியர் வளைவு, அதாவது கட்டுப்பாட்டுப் புள்ளிகளை வைத்து வரையும் வளைவு, கால்வட்டத்தின் நடுவில் கொஞ்சம் வெளியே புடைக்கும், அதனால்தான் கூடுதல். எப்படிப் பார்த்தாலும் நான்குதான் பொருந்தும்.

பாலக்கோடு அக்கா: தம்பி, அந்தப் போட்டோவையும் பார். ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல் விழுந்திருந்தால் வளைவில் நான்கு இடத்தில் கறுப்புப் பட்டை தெரியும், நேர் மதிலைவிட வளைவில்தான் அது அதிகம் உறுத்தும். மேகமூட்டமான நாளில் திரும்ப எடு. அப்புறம், கொத்தளத்தின் மேல்தளத்தை இதே பேட்ச்சால் மூடாதே, கற்கள் நடுப்புள்ளியில் குவிந்து நசுங்கும். மேலே தட்டையான பிரஷ் (நேர் மதில் கட்டுகிற திடக் கட்டை) வைத்துவிடு.

ராயக்கோட்டைப் பையன்: 4, 2 போட்டதும் கல் அளவு மதிலோடு ஒத்துவிட்டது, ரொம்ப நன்றி அண்ணா! ஆனால் சேருமிடத்தில் கல் வரிசை அரைக்கல் ஏறி நிற்கிறது.

காரிமங்கலம்: கொத்தளத்தின் அடி எந்த உயரத்தில் இருக்கிறது? பிரஷ்ஷின் டெக்ஸ்சர் லெவல் உலகத்தின் சுழிப் புள்ளியிலிருந்து (0) தொடங்கும், ஃபிட் பேட்ச்சின் விளிம்பிலிருந்து தொடங்கும். அடி 128இன் மடங்கில் இல்லையென்றால் வரிசை தப்பும்.

ராயக்கோட்டைப் பையன்: 16இல் இருந்தது! சுழிக்கு இறக்கினேன், வரிசை ஒட்டிவிட்டது. பக்கவாட்டில் வெட்டுப்பட்ட கல்லை இரண்டு பக்க மதிலிலும் டெக்ஸ்சரின் கிடைமட்ட ஷிஃப்ட்டைத் (இட நகர்வை) தனித்தனியாக நகர்த்திச் சரி செய்தேன். போட்டோவை மட்டும் இனிமேல்தான் எடுக்க வேண்டும் அக்கா, மேகத்துக்காகக் காத்திருக்கிறேன்.