மறு: ‘ரைட் ஆஃப் வே’ – வழியுரிமையா, வழிவிடுமுறையா?

> ‘வழியுரிமை’ என்றே வைத்துவிடலாமே, எளிமையாக இருக்கிறது.

வானில் எந்த விமானம் எதற்கு வழிவிட வேண்டும் என்று சொல்லும் ‘ரைட் ஆஃப் வே’ விதிக்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘வழியுரிமை’ எளிமைதான். ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே நிலச் சட்டத்தில் குடியிருக்கிறது. அடுத்தவர் நிலத்து வழியே போய்வரும் உரிமை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

அதைவிட, விமானிக்கு வேண்டிய செய்தி ‘யார் ஒதுங்குவது’ என்பதுதான். அமெரிக்க விமானப் பறப்பு விதி 91.113-ஐப் பாருங்கள். இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் குறுக்கிட்டால், தன் வலப்பக்கம் மற்றதைப் பார்ப்பவர் ஒதுங்க வேண்டும். நேருக்கு நேர் வந்தால் இருவருமே வலப்புறம் திரும்ப வேண்டும். இதில் உரிமை யாருடையது? தரையிறங்க வரும் இரண்டில் தாழ்ந்திருப்பதற்கே வழி, ஆனால் அதைச் சாக்காக வைத்து இன்னொருவர் முன்னால் புகக் கூடாது.

ஆம்புலன்ஸ் வந்தால் நாம் ‘வழி விடுங்க’ என்றுதானே கத்துகிறோம்? அதனால் என் பரிந்துரை வழிவிடுமுறை, அதாவது வழிவிடும் முறை. வினையாகவும் வளையும்: ‘உயரத்தில் இருப்பது தாழ்ந்திருப்பதற்கு வழிவிடும்.’

> கட்டுப்பாட்டுக் கோபுரமில்லாத விமான நிலையத்தில், ரேடியோவில் முதலில் சொன்ன விமானிக்குத்தானே முன்னுரிமை? ‘முன்னுரிமை’ போதாதா?

இல்லை. ரேடியோவில் சொல்வது தகவல் மட்டுமே, அதனால் யாருக்கும் வரிசை கிடைக்காது. ஒரு விபத்தைப் பாருங்கள்: 1996 நவம்பர் 19, அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் கோபுரமில்லாத குவின்சி விமான நிலையம். இறங்க வந்த பீச் 1900 விமானம், ஓடுபாதை முனையில் நின்ற கிங் ஏர் விமானத்திடம் ‘காத்திருப்பீர்களா’ என்று கேட்டது. பதில் வந்தது, அதற்குப் பின்னால் நின்ற செரோக்கி என்ற சிறு விமானத்திடமிருந்து. பதில் சொன்னது கிங் ஏர்தான் என்று நம்பி பீச் இறங்கியது. அதே நேரம் கிங் ஏர் குறுக்கு ஓடுபாதையில் புறப்பட்டது. இரண்டும் சந்திப்பில் மோதி 14 பேரும் இறந்தார்கள். இறங்குகிறவருக்கு முன்னுரிமை இருந்தது. இருந்து என்ன?

‘கோபுரமில்லா நிலையம்’ என்பதையும் மாற்றலாம் என்று பார்க்கிறேன். நம் காதில் கோபுரம் என்றாலே கோயில்தான். ‘தன்னறிவிப்பு நிலையம்’ எப்படி? ரேடியோவே இல்லாத விமானமும் அங்கே சட்டப்படி வரலாம் என்பதுதான் இடிக்கிறது. வேறு தோன்றினால் எழுதுங்கள்.