பழைய பித்தளை இன்டர்அர்பன் பெட்டி: பெயிண்டை உரித்துவிடலாமா?

கம்பிவண்டி எழுதியது:

வணக்கம். வெகுநாளாகத் தேடிய ஒரு பெட்டி கைக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவில் சிகாகோவுக்கும் மில்வாக்கிக்கும் இடையே ஓடிய நார்த் ஷோர் இன்டர்அர்பனின், அதாவது ஊர்விட்டு ஊர் ஓடும் மின்ரயிலின், எஃகுப் பயணிப் பெட்டி. 1:48 அளவு மாடல், உடம்பு முழுக்கப் பித்தளை. ஜன்னல் சட்டங்களை யாரோ தனித்தனியாக அறுத்து சால்டர் வைத்திருக்கிறார்கள், பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

மின்சாரம் கொடுத்தால் மோட்டார் முனகுகிறது, சக்கரம் சுற்றவில்லை. பக்கவாட்டில் வெள்ளி நிறப் பெயிண்ட். அதன்மேல் நீளவாக்கில் சாம்பல் அழுக்குக் கோடுகள், அங்கங்கே செதில் செதிலாக உரிகிறது. அசிட்டோனில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பழைய பச்சை நிறமே அடித்துவிடலாமா? சக்கரச் சட்டத்தின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டை பாதி உடைந்து தொங்குகிறது. அதை வெட்டிவிடலாமா? கடைசியில் இதை மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓட்ட வேண்டும், அதுதான் என் ஆசை.

பித்தளைப்பட்டறை எழுதியது:

அசிட்டோன் பாட்டிலை மூடி வையுங்கள் நண்பரே. அந்தக் கோடுகளை நல்ல வெளிச்சத்தில், லென்ஸ் வைத்து ஒருமுறை பாருங்கள். சீரான இடைவெளியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராகப் போகின்றனவா? போனால் அது அழுக்கே அல்ல, கையால் போட்ட நிழல்.

1950களில் நார்த் ஷோர் தன் பழைய எஃகுப் பெட்டிகள் சிலவற்றுக்கு 'சில்வர்லைனர்' என்ற புது வேஷம் கட்டியது. அப்போதைய புதிய ரயில்கள் பலவும் மடிப்பு மடிப்பான துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் மின்னிக்கொண்டிருந்தன. இவர்களிடம் இருந்ததோ தட்டையான பக்கங்கள் கொண்ட பழைய பெட்டிகள். அந்தத் தட்டைத் தகட்டின் மேலேயே, மடிப்பு இருப்பதுபோலத் தோன்ற வெள்ளி நிறமும் நிழலும் வைத்துத் தீட்டிவிட்டார்கள். தள்ளி நின்று பார்ப்பவர் நிஜ மடிப்பு என்றே நினைப்பார். 1963 ஜனவரியில் அந்தத் தடமே மூடப்பட்டது. உங்கள் பெட்டியைச் செய்தவர் அந்தத் தோற்றத்தை 48-ல் ஒரு பங்காகச் சுருக்கித் தூரிகையால் போட்டிருக்கிறார். அந்தக் கையை அழித்துவிட்டு நாம் எந்தப் பச்சை அடித்தாலும் ஈடாகாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

மென்மையான சோப்புத் தண்ணீரில் பஞ்சுக்குச்சியை நனைத்துப் பிழிந்து, முதலில் அடிப்பக்கத்தில் கண் படாத இடத்தில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் கறுப்பு வந்தால் அழுக்கு. வெள்ளி நிறம் வந்தால் உடனே நிறுத்துங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உலர்ந்த உப்புத்தாள் போடவே வேண்டாம். உரிந்த இடத்தில் மட்டும் வெள்ளி அடித்து, நன்றாகக் காய்ந்ததும் நீர்க்கக் கரைத்த சாம்பல் நிறத்தில் கோட்டைத் தொடருங்கள். ஒளி மேலிருந்து விழுவதாக நினைத்துத்தான் நிழல் போட்டிருப்பார்கள். பக்கத்திலிருக்கும் பழைய கோட்டில் கருமை எந்த ஓரத்தில் கூடுகிறது என்று பார்த்து, அதே ஓரத்தில் நீங்களும் கூட்டுங்கள்.

தொங்கும் கட்டையை வெட்டாதீர்கள்! சிகாகோ நகருக்குள் இந்தப் பெட்டிகள் 'எல்' என்னும் உயர்பாதையில் ஓடின. அங்கே மேல்கம்பி இல்லை, பக்கத்தில் மின்சாரம் ஓடும் மூன்றாம் தண்டவாளம்தான். மேல்கம்பியைத் தொடும் கூரைக் கம்பத்தை இறக்கிவிட்டு, இந்தக் கட்டையில் மாட்டிய 'காலணி' என்னும் தொடுதகடு வழியாக மின்சாரம் எடுத்தார்கள். அது இல்லாவிட்டால் பெட்டி சிகாகோவுக்குள் நுழையவே முடியாது.

மோட்டாரைப் பொறுத்தவரை, பல்சக்கரத்திலிருந்து கழற்றித் தனியாக ஓட்டிப் பாருங்கள். தனியாகச் சுற்றினால் கோளாறு மோட்டாரில் இல்லை, கெட்டிப்பட்ட பழைய கிரீஸில். மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரை வெளியே எடுக்க நேர்ந்தால், காந்தத்தின் இரு முனைகளையும் இணைத்து ஓர் இரும்புத் துண்டை வைத்துவிடுங்கள். பழைய அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தம் சும்மா திறந்து கிடந்தால் வலு இழக்கும்.

அப்புறம், சக்கரச் சட்டத்தை மறைவான இடத்தில் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சள் என்றால் பித்தளை, கவலை இல்லை. சாம்பல் என்றால் துத்தநாக வார்ப்பாக இருக்கலாம். ஈயம் கலந்துவிட்ட துத்தநாகம் உள்ளுக்குள்ளேயே உப்பி, வெடித்து, பழைய பிஸ்கட் மாதிரி உதிரும். அதற்கு வைத்தியம் கிடையாது. இப்போதே அளவெடுத்து வையுங்கள், வேறு வார்க்கலாம்.

மேல்கம்பி_தடம் எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் கம்பியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மேல்கம்பியில் ஓட்டினால் தண்டவாளம் இரண்டும் ஒரே துருவம், மின்சாரம் திரும்பும் வழி. அதனால் வளையத் தடம் போட்டு வண்டியைத் திருப்பினாலும் ஷார்ட் ஆகாது. தண்டவாளம் இரண்டும் வெவ்வேறு துருவமாக இருக்கும் இரு தண்டவாள முறையில் வரும் அந்தத் தலைவலி இங்கே கிடையாது.

ஆனால் உங்கள் பெட்டி பித்தளை. பழைய மாடல்களில் ஒரு பக்கச் சக்கரங்கள் உடம்போடு தொடர்பில் இருப்பது வழக்கம். டிராலிக் கம்பத்தின் அடிப்பகுதி கூரையைத் தொட்டால் நேரே ஷார்ட்தான். கம்பத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். பார்க்கும்போது மோட்டார் வயர் ஒன்றைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் மோட்டாரின் சுருள் வழியாகவே தொடர்பு காட்டும்.

கம்பத்தின் சுருள்வில் கம்பியைத் தூக்கிவிடாத அளவுக்கு இளக்கமாக இருக்க வேண்டும். பின்பக்கக் கம்பம்தான் எப்போதும் மேலே, முன்கம்பம் கொக்கியில். வளைவில் கம்பியை வட்டமாக வளைக்க முயல வேண்டாம், குட்டிக் குட்டி நேர்த்துண்டுகளாக இழுத்துக் கட்டுங்கள்.

கம்பிவண்டி எழுதியது:

இருவருக்கும் நன்றி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கோடுகள் நேராக, கதவுப் பக்கம்கூட விடாமல் போகின்றன! சட்டம் மஞ்சளாகத்தான் இருக்கிறது. மோட்டார் தனியாகச் சுற்றுகிறது. ஆனால் வயரைக் கழற்றிய பிறகும் முன்கம்பத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே மீட்டர் கத்துகிறது. பின்கம்பத்தில் சத்தம் இல்லை.

பித்தளைப்பட்டறை எழுதியது:

முன்கம்பத்தின் அடியில் இருந்த ஃபைபர் வாஷர் நொறுங்கிப்போயிருக்கும். திருகைக் கழற்றி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் ஒரு வாஷர் வெட்டிப் போடுங்கள். திருகின் தண்டும் கூரைத் துளையைத் தொடக்கூடாது, அதற்கு வயரின் மேலுறையில் ஒரு துண்டு நறுக்கி மாட்டினால் போதும். மாட்டியதும் மறுபடி மீட்டர் வைத்துப் பாருங்கள்.

கதவுப் பக்கம் கோடு எப்படி முடிகிறது என்று ஒரு படம் போடுங்களேன், நானும் பார்க்க வேண்டும்.